யாருக்கும் பாடாத மெட்டு

செழியா,

நீ மாடியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். ஒயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு மாட்டுகிறாய் என்பது இங்கிருந்தே கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொச்சிக்குக் கிளம்புகிறாய். புத்தகங்களை ஒலியாக்குகிற ஸ்டுடியோ, நல்ல வேலை, அப்பாவுக்கும் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உன்னிடம் எதையாவது நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று எழுந்துவிடுவாய், மீதி எனக்கும் மறந்துபோகும். அதனால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் பாட்காஸ்ட்டைக் கேட்கிறவர்களுக்கும் இந்தக் கடிதத்தைப் போடப் போகிறேன். ஆரம்பத்தில் வந்த அந்த முணுமுணுப்பு எங்கே போயிற்று என்று அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும், உனக்கும் சில விஷயம் சொல்லவேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

இந்தப் பாட்காஸ்ட் எப்படி ஆரம்பித்தது என்பது உனக்குத் தெரியும், கேட்கிறவர்களுக்குத் தெரியாது. மதுரையில் இதய அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தபின் தூக்கம் அவரை விட்டுப் போய்விட்டது. "கண்ண மூடுனா ஆஸ்பத்திரி மிஷினு சத்தம் கேக்குது" என்பார். மாத்திரை போட்டும் விழித்தே கிடப்பார். ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு பேச்சு எதுவும் இல்லாததால், தேக்கடியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்ததைச் சொன்னேன். அந்தத் தண்ணீர் மலைக்குள் இருக்கிற சுரங்கத்தில் இருட்டோடு இருட்டாக வருவதையும், பெரிய குழாய்களில் மலையடிவாரத்து லோயர்கேம்புக்கு இறங்குவதையும், கூடலூர் தாண்டி வயல் வயலாகக் கை கொடுத்துக்கொண்டே வருவதையும் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப எங்கன வந்திருக்கு?" என்று கேட்டார். "இன்னும் கூடலூரத் தாண்டல" என்றேன். தண்ணீர் நம் கம்பத்துக்கு வருவதற்குள் அவர் தூங்கிப்போனார். அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து வந்திருந்த நீ, கதவோரம் நின்று போனில் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தாய். நான் அதைப் பார்க்கவில்லை.

உலகத்தில் தூக்கம் வராதவர்கள் எவ்வளவு பேர் என்று நீ அதை இணையத்தில் போட்டபிறகுதான் எனக்குத் தெரிந்தது. பீரோ இருக்கிற அறையில் நான்கு பக்கமும் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, "தூங்கப்போற மாதிரியே பேசும்மா" என்று என்னை மைக் முன்னால் உட்காரவைத்தாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த காலத்தில் முகம் தெரியாதவர்களோடு பேசியே வருஷங்களைக் கழித்தவள் நான், எனக்கு அது புதிதாக இல்லை. ஆடிக் காற்று மலை இடுக்கு வழியாக இறங்கி வாழை இலையைக் கிழிப்பதைச் சொன்னேன். ஏலக்காய் லாரி போன பிறகும் தெருவில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருக்கும் வாசனையைச் சொன்னேன். திராட்சைப் பந்தலுக்கு அடியில் மத்தியான வெயில் பச்சையாக மாறுவதைச் சொன்னேன். எதிலும் ஒன்றும் நடக்காது, நடக்கக் கூடாது என்பதுதான் உன் கட்டளை. துபாயிலிருந்து ஒரு நர்ஸ், "உங்கள் ஊர் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது" என்று எழுதியபோது நாம் மூவரும் சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா?

"வெறும் குரல் மொட்டையா இருக்கும்மா, அடியில ஒரு மியூசிக் ஓடணும்" என்றாய். பழைய சினிமாப் பாட்டு ஒன்றின் ஆரம்பத்தில் வருகிற வீணையை எடுத்து என் குரலுக்குக் கீழே விட்டாய். கேட்டதும் எனக்கே கண் சொருகியது. "இது அடுத்தவுக பாட்டாச்சே" என்றதற்கு, "முப்பது செகண்டுக்குள்ள எடுத்தா ஒண்ணும் ஆகாது, படத்தோட பேரையும் போட்டுட்டேன்" என்றாய். இரண்டுமே தப்பு என்று மின்னஞ்சல் வந்தபிறகுதான் தெரிந்தது. பாட்காஸ்ட் போடுகிற தளக்காரர்கள் முதலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். சில நாள் கழித்து இன்னொன்று. மறுபடியும் நடந்தால் மொத்தக் கணக்கையும் மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தது. அப்பா பயந்துபோய், "போலீசு வருமாலே?" என்று கேட்டார்.

அந்த வாரம் நீ ஒரு பரீட்சைக்குப் படிப்பவனைப்போல் காப்புரிமைச் சட்டத்தைப் படித்தாய். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்து விளக்கினாய். ஒரு பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர் கிடையாது. வரி எழுதியவருக்கு ஒரு உரிமை, மெட்டுப் போட்டவருக்கு ஒன்று, பாடியவருக்கு, வாசித்தவர்களுக்கு ஒன்று, அதைப் பதிவு செய்து வெளியிட்ட கம்பெனிக்கு ஒன்று. எழுதியவர் காலமான பிறகும் அறுபது வருஷம் அது அவர் வாரிசுகளிடம் இருக்கும். இத்தனை விநாடி வரைக்கும் இலவசம் என்று சட்டத்தில் எங்கேயும் கிடையாது. பெயரைச் சொல்வது மரியாதை, அது அனுமதி ஆகாது. எனக்கு அது சுலபமாகப் புரிந்தது. அந்தக் காலத்தில் கம்பத்திலிருந்து பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டால் தேனி, மதுரை, சென்னை என்று ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் கை கொடுக்கவேண்டும். நடுவில் ஒரு ஆபரேட்டர் லைன் இல்லை என்றால் அழைப்பு அங்கேயே நின்றுவிடும். "அதேதாம்மா" என்றாய். "அப்ப வீரபாண்டித் திருவிழாவுல ஸ்பீக்கர் குழாய் கட்டி அம்புட்டுப் பாட்டும் போடுறாகளே?" என்று கேட்டேன். "சாமி காரியத்துக்குச் சட்டத்துலயே விலக்கு இருக்கும்மா. நமக்கு இல்ல" என்றாய். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற இசையையும் போட்டுப் பார்த்தாய். எல்லாம் ஒரே மாதிரி, லிஃப்ட்டுக்குள் நிற்பதுபோல் இருந்தது.

பிறகு ஒரு காலையில் காற்றைப் பதிவு செய்கிறேன் என்று மைக்கைத் தூக்கிக்கொண்டு நம் கொல்லைக்குப் பின்னால் இருக்கிற திராட்சைத் தோட்டத்து வேலியோரம் போனாய். திரும்பி வந்தபோது உன் முகமே வேறாக இருந்தது. "அம்மா, இதக் கேளு" என்று ஹெட்போனை என் காதில் மாட்டினாய். இலைகள் உரசுகிற சத்தம், எங்கோ ஒரு மோட்டார், அதற்கு நடுவில் ஒரு பெண் குரல் வாயைத் திறக்காமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வார்த்தை இல்லை. நான்கைந்து படி இறங்கும், கடைசிப் படியில் கால் வைக்காமல் திரும்பி ஏறும், மறுபடி இறங்கும். அது யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் நம்பமுடியவில்லை.

அவரை இங்கே பவளம் மதினி என்று சொல்லப்போகிறேன். அது அவர் பெயர் இல்லை. இந்தக் கடிதத்தை முதலில் ஒரு நோட்டில் எழுதி முழுவதும் அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டேன், பெயரை மட்டும் மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன். அந்தத் தோட்டமே அவருடையது. வீட்டுக்காரர் போனபின் தனியாக நின்று பந்தல் போட்டு நடத்துகிறவர். திராட்சை விலை பேச வருகிற வியாபாரிகள் அவர் எதிரே உட்காரத் தயங்குவார்கள். அனாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். கல்யாண வீட்டில்கூடக் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். தெருவில் யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை, பாடிக் கேட்டதும் இல்லை.

"இது சினிமாப் பாட்டு இல்லம்மா. நாட்டுப்புற மெட்டு. இதுக்கு யாரும் சொந்தக்காரங்க இல்ல" என்று சொல்லி அதை நம் தொடரின் ஆரம்பத்தில் சேர்த்தாய். நானும் ஒவ்வொரு பகுதியிலும், "பக்கத்துத் தோட்டத்தில் யாரோ முணுமுணுக்கிறார்கள், கேளுங்கள்" என்று ஆரம்பித்தேன். அந்த மாதங்களை இப்போது நினைத்தால் முழுவதுமே ஒரு மத்தியானத் தூக்கம்போல் இருக்கிறது. கேட்பவர்கள் பெருகினார்கள். அந்த முணுமுணுப்பு ஓடும்போதே தூங்கிவிட்டோம், அம்மா பேசியதைக் கேட்கவே இல்லை என்று எழுதினார்கள். அப்பாவுக்கும் அதேதான். தண்ணீர் தேக்கடியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே குறட்டை வந்துவிடும். எனக்குமே மைக் முன்னால் அது காதில் விழுந்தால்தான் குரல் இறங்கும், பேச்சு தானாக வரும். பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி, தங்கள் செயலியில் நம் தொடரைச் சேர்த்துக்கொள்ள விரும்புவதாகவும், அதில் வருகிற இசை ஒவ்வொன்றுக்கும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்றும் எழுதியது. "மெட்டுக்குச் சொந்தக்காரங்களே இல்ல, எதுக்கு அனுமதி?" என்று நீ பதில் எழுதிக்கொண்டிருந்த அதே வாரத்தில்தான் பவளம் மதினி நம் வீட்டுக்கு வந்தார்.

பகல் பன்னிரண்டு மணி வெயில். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் நின்றார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன், வரவில்லை. குமுளியிலிருந்து வழக்கமாக வருகிற திராட்சை வியாபாரி அன்று காலையில் பழத்தை எடைபோட்டுக்கொண்டே, "சேச்சிட பாட்டு கேட்டாத்தான் எனிக்கு உறக்கம் வரும்" என்றிருக்கிறார். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நம் ஊர்ப் பேச்சையும் அந்தக் குரலையும் வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லி, வியாபாரி தன் போனில் போட்டுக் காட்டியிருக்கிறார். சுற்றிலும் ஆட்கள் நின்றிருக்கிறார்கள்.

"எப்ப மதினி எடுத்தான் அதை?" என்று கேட்டார் என்னிடம். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

நீ உள்ளேயிருந்து ஓடிவந்தாய். "அத்தை, காத்து சத்தம் எடுக்க வந்தேன், நீங்க பாடிக்கிட்டிருந்தீக. ரொம்ப நல்லா இருந்துச்சு. எம்புட்டு பேரு கேக்குறாக தெரியுமா? எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாக."

"நல்லாருக்கா இல்லையான்னு நான் கேக்கலலே" என்றார். "நான் யாருக்கும் பாடலையே. அங்கன யாரும் இல்லன்னு நெனச்சுல்ல பாடிக்கிட்டிருந்தேன்."

அவர் நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தாளு முன்னால எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? குளிக்கிற எடத்துல கதவு திறந்தாப்புல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, திரும்பி நடந்துவிட்டார். எடுத்துவிடு என்றுகூடச் சொல்லவில்லை.

அன்று நீ சாப்பிடவில்லை. மறுநாள் தேனிக்கு பஸ் ஏறி, உன்னோடு படித்த வக்கீல் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாய். அவள் சொன்னதை என்னிடம் அப்படியே சொன்னாய். பதிவு உன்னுடையதுதான். ஆனால் பாடிய குரல் அவருடையது, பாடுகிறவரைக் கேட்காமல் அதைப் பதிவு செய்வதற்கும் வெளியிடுவதற்கும் உரிமை கிடையாது. மெட்டும் பரம்பரையாக வருவது என்று நீயாக எப்படி முடிவு செய்தாய், அவர் மனதிலேயே பிறந்ததாக இருந்தால் அதுவும் அவருக்கே சொந்தம், பேப்பரில் எழுதி வைத்திருக்கவேண்டும் என்றுகூட அவசியமில்லை. "பேசிப் பாரு, ஒத்துக்கிட்டாக்க ஒரு கையெழுத்து வாங்கிக்க" என்று அவள் சொன்னாளாம். பெங்களூர்க் கம்பெனிக்கும் அந்தக் கையெழுத்துப் போதும்.

எனக்கு அந்த மெட்டை விட மனசே இல்லை, செழியா. நானே போய்க் கேட்கட்டுமா என்றேன். மதினி என்னை மறுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும், அவர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான்தான் கூடவே இருந்தேன். "அதாம்மா, நீ கேட்டா மறுக்கமாட்டாக. அப்படி வாங்குனா அது அனுமதியா?" என்று கேட்டாய். இருபத்தெட்டு வயசுப் பையன் அப்படிக் கேட்டதும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். அன்றைக்கே உட்கார்ந்து ஒவ்வொரு பகுதியாகத் திறந்து அந்த முணுமுணுப்பை எடுத்தாய். எடுத்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை.

சாயங்காலம் நாம் இரண்டு பேரும் அவர் தோட்டத்துக்குப் போனோம். பந்தலுக்கு அடியில் காலிக் கிரேட்டைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். கொத்துகள் தலைக்கு மேல் தொங்க, மருந்து அடித்த நீலம் இலைகளில் அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தது. "எல்லாத்துலயும் எடுத்துட்டேன் அத்தை" என்றாய். தலையை ஆட்டினார். "அது எந்தப் பாட்டு அத்தை?" என்று நீ கேட்டபோது எனக்குத் திக்கென்றது. ஆனால் அவர் பதில் சொன்னார். "பாட்டெல்லாம் இல்லப்பா. இங்கன கத்திரிக்கோலு வச்சு வெட்டிக்கிட்டு வரும்போது அதுவா வரும். அந்த வரிசை முடியுறப்ப அதுவா நின்னுரும். எங்கிருந்து வருதுன்னு நானும் யோசிச்சதில்ல."

எழுந்து வரும்போது கூப்பிட்டார். "ஏலே, அந்த வியாபாரி போனுல சரியாக் கேக்கல. சுத்தி சத்தம். அதை எனக்கு ஏத்திக் குடுக்கியா?" நீ அங்கேயே உட்கார்ந்து அவர் போனில் ஏற்றிக்கொடுத்தாய். இயர்போனைக் காதில் வைத்துவிட்டாய். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் அந்த முகத்தை இதற்கு முன் பார்த்ததில்லை, செழியா. கேட்டு முடித்துவிட்டு, "நான் இம்புட்டு மெதுவாவா பாடுறேன்?" என்று மட்டும் கேட்டார். பிறகு நீ உன் கம்ப்யூட்டரில் இருந்ததையும் போனில் இருந்ததையும் அவர் கண் முன்னால் அழித்தாய். அவர் அதைக் கேட்கவில்லை, நீயாகச் செய்தாய். இப்போது அது உலகத்தில் அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது.

இதற்குப் பரிசாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அந்த முணுமுணுப்புதான் தொடரின் அடையாளம், அது இல்லாமல் வேண்டாம் என்று பெங்களூர்க் கம்பெனி விலகிக்கொண்டது. கேட்பவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். என்னாலும் சில வாரம் சரியாகப் பேசமுடியவில்லை, முதல் வாக்கியத்திலேயே தடுக்கினேன். அப்பா மட்டும் எப்போதும்போல் "தண்ணி எங்கன?" என்று கேட்டுவிட்டுத் தூங்கினார். ஆனால் ஒன்று கவனித்தேன். ஆரம்பத்தில் நீ விட்டிருக்கிற அந்த வெற்றிடத்தில், கம்பளியையும் தாண்டி என் மைக்கில் விழுந்த காற்று கேட்கிறது. முன்பும் அது இருந்திருக்கும், கேட்டதில்லை. காற்றுக்கு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று நீ சொன்னாய். வேலிக்கு அந்தப்பக்கம் ரொம்ப நாள் சத்தமே இல்லாமல் இருந்தது. போன மாசம் ஒரு காலையில் மறுபடி கேட்டது. அதே படிகள், அதே திரும்புதல். அடுப்பில் பால் வைத்திருந்தேன். கேட்டும் கேட்காததுபோல் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னைக் கூப்பிடவில்லை.

இனி நீ போகிற இடத்தில் உனக்கு நாள் முழுக்க அடுத்தவர்களுடைய குரல், அடுத்தவர்களுடைய வரி, அடுத்தவர்களுடைய மெட்டு. ஒவ்வொன்றுக்கும் எங்கே கையெழுத்து வாங்கவேண்டும் என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கையெழுத்துப் போடுகிறவர் வேண்டாம் என்று சொல்வதற்கு அவருக்கு இடம் விட்டாயா என்று மட்டும் பார்த்துக்கொள். அன்று உன் வாயிலிருந்து நான் கேட்டதைத்தான் உனக்கே திருப்பிச் சொல்கிறேன்.

என் குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ என்னிடம் எழுத்தில் எதுவும் வாங்கியதே இல்லை. வாங்கத் தோன்றியிருக்காது, அம்மாவிடம் யார் கேட்பார்கள். ஆனாலும் அது என்னுடையது, அதனால் இப்போது தருகிறேன். இதுவரை பேசியதையும் இனிப் பேசப்போவதையும் நீ வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் கேட்கக் கொடுக்கலாம். நான் இல்லாத பிறகும் கொடுக்கலாம். சரக்கு விற்கிற விளம்பரத்துக்கு அடியில் மட்டும் அதை விடாதே. இப்போதெல்லாம் ஒருவர் குரலை வைத்து மிஷினையே பேசவைக்கிறார்களாமே, நான் சொல்லாததை என் குரலில் யாரும் சொல்லக் கூடாது, நீயும் கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும். கையெழுத்தைக் கீழே போட்டிருக்கிறேன்.

கொச்சியில் அறை புதிது, கட்டில் புதிது, மழைச் சத்தமும் வேறாக இருக்கும். முதல் சில நாள் உனக்குத் தூக்கம் பிடிக்காது. அப்போது விளக்கை அணைத்துவிட்டு நம் பகுதிகளில் எதையாவது ஒன்றைப் போட்டுக் கேள். அதற்கு மட்டும் என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம்.

உன் அம்மா